வென்றவன் ஏட்டில் மக்கள் குரல்: பாராமகாலும் ஜபர்த்தியின் கெய்ரோவும்

ஏற்காடு செல்வோர் கைக்குக் கிட்டும் சுற்றுலாக் கையேடுகள் பலவற்றில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1842ஆம் ஆண்டில் இம்மலையைக் கண்டுபிடித்தார் என்பதே அச்செய்தி. மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தவர். மரித்துப் பதினைந்து ஆண்டு கழிந்தபின் ஒருவர் மலையேறி வந்தார் என்பதை எழுதுவோரும் எண்ணிப் பார்க்கவில்லை, படிப்போரும் கேட்கவில்லை.

ஆண்டில் நேர்ந்த பிழை சிறிது. 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லில் உள்ள பிழை பெரிது. சேர்வராயன் குகைக் கோயிலில் வழிபட்டு, சாமையும் கேழ்வரகும் விளைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர், காஞ்சியிலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவரின் வழித்தோன்றல்கள் தாங்கள் எனத் தம் மரபைக் கூறுகின்றனர். தம் முன்னோரின் மலையை அவர்கள் என்றும் தொலைத்ததில்லை. ஆகவே அதை ஒருவர் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. மன்றோவுக்கு மெய்யாகவே இந்நிலப்பகுதியோடு உறவுண்டு. ஆனால் அது கண்டுபிடிப்பின் உறவன்று. வென்ற படையின் அதிகாரி என்ற உறவு. அந்த உறவிலிருந்து பிறந்த ஏடுகளை எப்படி வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் வினா.

படைவீரர் ஆண்ட ஏழாண்டுகள்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் இழந்த நாடுகளுள் பாராமகாலும் சேலமும் அடங்கும். சேர்வராயன் மலையும் அவற்றோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. காரன்வாலிஸ் பிரபு இந்நாட்டை நிருவகிக்கச் சென்னையின் குடிமை அலுவலர்களை அனுப்பவில்லை. அவர்களுக்கு நாட்டு மொழிகள் தெரியாது என்பது அவர் கூறிய காரணம். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு மேலாளராக அமர்த்தப்பட்டார். மன்றோ, கிரஹாம், மெக்ளியோட் ஆகிய மூவரும் அவருக்கு உதவியாளர்கள். நால்வரும் சீருடை அணிந்தவர்கள். 1799 வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

உடன்படிக்கையால் கைமாறிய நாட்டை ஆக்கிரமிக்கப்பட்ட நாடு என்று அழைக்கலாமா என ஒருவர் கேட்கக்கூடும். சட்ட நூலார் இரண்டையும் பிரித்தே பேசுவர்; அப்பிரிவினையை நாம் மறுக்கவில்லை. எனினும் உடன்படிக்கை இரு அரசுகளுக்கு இடையே எழுந்தது. உழவனிடம் எவரும் ஒப்பம் கேட்கவில்லை. அவன் கண்ட காட்சி, கோட்டையில் கொடி மாறியதும் வரி கேட்பவன் இடையில் வாள் தொங்கியதும்தான். மக்கள் கருத்தையும் வாழ்க்கை நிலையையும் ஆராய்வோருக்கு அக்காட்சியே தொடக்கம்.

இந்த நால்வரும் எழுதிக் குவித்தவை ஏராளம். நிலங்களை வயல் வயலாக அளந்தார்கள். குடிகளையும் விளைபொருள்களையும் தீர்வைகளையும் வகைப்படுத்திக் குறித்தார்கள். அக்குறிப்புகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் சென்னையில் பகுதி பகுதியாக அச்சேறின. மன்றோவின் கடிதங்களைக் கிளெய்க் என்பார் அவரது வரலாற்றோடு சேர்த்து 1830இல் வெளியிட்டார். சேலம் மாவட்டத்தைப் பற்றி லெ ஃபானு 1883இல் எழுதிய கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் தொகுத்த விவரச்சுவடியும் இவ்வேடுகள்மீது எழுந்த கட்டடங்களே. இன்று நம் கல்லூரிகளில் இப்பகுதியின் வரலாற்றை ஆராயும் மாணவர்களும் இவற்றையே மேற்கோள் காட்டுகின்றனர். திப்புவின் ஆட்சியில் குடிகள் நொந்திருந்தனர். புதிய ஆட்சியில் அமைதியுற்றனர் என்ற முடிவு இவற்றிலிருந்து எளிதாகக் கிடைக்கிறது. அந்த முடிவு சரியா தவறா என்பதற்குமுன், அதை அறிவிப்பவர் யார் எனக் கேட்பது நம் மரபு.

அறிவிப்பாளரை ஆராய்தல்

ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியை இரு கூறாகப் பிரித்து நோக்குவர். ஸனது என்பது அறிவிப்பாளர் தொடர்; மத்ன் என்பது செய்தியின் வாசகம். அறிவிப்பாளரின் நேர்மையும் நினைவாற்றலும் முதலில் எடைபோடப்படும். அடுத்து, அவர் உண்மையிலேயே கேட்கக்கூடிய இடத்தில் இருந்தாரா என்று பார்க்கப்படும். நேர்மையாளர் ஆயினும் கேட்க வாய்ப்பில்லாத இடத்தில் இருந்தவரின் தொடர் அறுந்த தொடரே.

ரீடையும் மன்றோவையும் பொய்யர் எனத் தள்ள நாம் முற்படவில்லை. ஒரு கூட்டத்தார்மீது கொண்ட பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயம் நமக்கிடும் கட்டளை. மன்றோ கடின உழைப்பாளி. பாரசீகமும் இந்துஸ்தானியும் அறிந்தவர். கூடாரத்தைச் சுற்றி நின்ற உழவர்களின் முறையீட்டைப் பொறுமையாகச் செவிமடுத்தவர். கம்பெனியின் வரி மிகையானது என்று தம் மேலிடத்துக்கே எழுதியவர். கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் நிலவரியைக் கால் பங்கு குறைக்கவேண்டுமென 1807இல் பரிந்துரைத்தவர். பிற்காலத்தில் ஆளுநராக இருந்தபோது, முன்வந்த அந்நியர் எவரும் இந்நாட்டு மக்களைத் தம் இனத்தார் அளவுக்கு இழிவாக நடத்தவில்லை என்ற கருத்தை ஒளிக்காமல் எழுதியதும் அவரே. இவ்வளவும் அவருக்கு உரிய தஃதீல்.

ஆனால் ஜர்ஹும் உண்டு. ரீடு 1790 முதல் 1792 வரை நடந்த போரின்போது உளவுச் செய்திகளைத் திரட்டும் பொறுப்பில் இருந்தவர். பகைவன் நாட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் படைக்காக அறிந்துவந்தவரே, போர் முடிந்ததும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஆட்சிக்காக எழுதினார். கேட்கும் செவி ஒன்றே. கேட்கும் நோக்கமும் பெரிதும் மாறியிராது. எழுதியவர் வரி வாங்குபவர். சொன்னவர் வரி கொடுப்பவர். இடையில் கணக்கர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நின்றார்கள். அவர்களுக்கும் தத்தம் நலன்கள் இருந்தன.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். 1768இல் கர்னல் வுட் சேலத்தைக் கைப்பற்றினார். சில திங்களில் ஹைதர் அலி அதை மீட்டார். ஒரு தலைமுறை கழிவதற்குள் மீண்டும் கம்பெனிப் படை வந்தது. இவ்வாறு கொடிகள் மாறிமாறிப் பறந்த நாட்டில் வளர்ந்த உழவன், வந்தவரிடம் போனவரைக் குறைகூறக் கற்றிருப்பான் என்று கருதுவதில் பிழையில்லை. திப்புவின் ஆமிலிடம் அவன் என்ன சொன்னான் என்பதற்கு ஏடில்லை. மன்றோவிடம் சொன்னதற்கு மட்டும் ஏடுண்டு. ஒரு தரப்பின் வழக்குரை மட்டும் கிடைத்த காழீ தீர்ப்புரைக்க மாட்டார்.

இக்ராஹின் நிழலில் இக்ரார்

ஃபிக்ஹு நூல்களில் இக்ராஹ் என்பதற்கு ஒரு தனித்தலைப்பே உண்டு. அச்சுறுத்தலின்கீழ் ஒருவன் செய்யும் இக்ரார், அதாவது ஒப்புதல் வாக்குமூலம், அவன்மீது செல்லாது. அந்நஹ்ல் அத்தியாயத்தில், உள்ளம் ஈமானில் நிலைத்திருக்க நாவால் மட்டும் நிராகரிப்பை மொழியுமாறு நிர்ப்பந்திக்கப்பட்டவனுக்கு விலக்களித்திருக்கிறான் இறைவன். நாவின் சொல்லும் உள்ளத்தின் நிலையும் வேறுபடும் காலமொன்று உண்டு என்பதை ஷரீஅத் ஏற்றுக்கொண்டுள்ளது. படை நிற்கும் நாட்டில் கேட்டுப் பெறப்படும் கருத்து இந்த வகையைச் சார்ந்தது.

மன்றோவே இதை நன்கறிந்திருந்தார் என்பதற்குச் சான்றுண்டு. இந்தியாவில் அச்சகங்களுக்குக் கட்டற்ற உரிமை வழங்கலாமா என்ற வினா எழுந்தபோது, 1822இல் அவர் எழுதிய குறிப்பில், அந்நியர் ஆளும் நாட்டில் மக்கள் தங்கள் எண்ணத்தை அச்சிட்டுப் பரப்பத் தொடங்கினால் அந்த ஆட்சி நெடுநாள் நிற்காது என்ற பொருள்பட வாதிட்டார். மக்கள் மனநிறைவோடு இருந்தார்கள் என்பது மெய்யானால், அவர்கள் பேச்சைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சினார் என்பதால், பேசப்படாத ஒன்று உண்டென்பதை அவர் உணர்ந்திருந்தார் எனக் கொள்ளலாம். பாராமகால் ஏடுகளை 1822ஆம் ஆண்டின் இக்குறிப்போடு சேர்த்து வாசிப்பதே முறையான வாசிப்பு.

அக்காலத்தில் கேட்டறிந்த கருத்துக்கு ஆட்சியாளர் எவ்வளவு மதிப்பளித்தனர் என்பதையும் காண்போம். விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை ஆண்டுதோறும் விட்டுவிடவும் உழவனுக்கு உரிமையளித்து ரீடு 1796இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ரயத்துவாரி முறையின் விதைகளுள் அது ஒன்று. ஆறே ஆண்டுகளில், 1802இல், மேலிடம் நிரந்தரத் தீர்வையை இந்நாட்டில் புகுத்தியது. ஊர்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. நேற்றுவரை அரசுக்கு நேரே வரி செலுத்திய உழவன் ஒரு மிட்டாதாரின் குடியானவன் ஆனான். மிட்டாதார்களுள் பலர் வரி கட்ட இயலாமல் வீழ்ந்தனர். உழவரிடம் கேட்டெழுதிய ஏடுகள் அலமாரியில் இருந்தன. முடிவு வேறிடத்தில் எடுக்கப்பட்டது. மலைமேல் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைப் புகுத்தினார். அதன் வழியே வெள்ளையரின் தோட்டங்கள் எழுந்தன. அம்மலையின் குடிகள் அதை எப்படி நோக்கினர் என்று அவர்கள் குரலில் எழுதிவைத்த ஏடு ஒன்றும் நம் கைக்கு வரவில்லை.

ஜபர்த்தி என்னும் சாட்சி

அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால், வேறொரு நாடு படையெடுப்புக்கு ஆளானது. 1798 ஜூலையில், ஹிஜ்ரீ 1213 முஹர்ரத்தில், நெப்போலியன் இஸ்கந்தரிய்யாவில் இறங்கினான். இரு நிகழ்ச்சிகளும் தொடர்பற்றவை அல்ல. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து அவன் திப்பு சுல்தானுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அவ்வாண்டு மே 4ஆம் நாள் சுல்தான் போர்க்களத்தில் ஷஹீதானார்.

எகிப்துக்கு வாய்த்தது பாராமகாலுக்கு வாய்க்காத ஒன்று: அந்நாட்டிலேயே பிறந்து, அஸ்ஹரில் பயின்று, அன்றாட நிகழ்ச்சிகளை எழுதிவைத்த ஓர் ஆலிம். அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தி மூன்று நூல்களில் இக்காலத்தை எழுதியுள்ளார். பிரெஞ்சுக்காரர் வந்த முதற்சில திங்களைப் பற்றியது 'முத்தத்துல் ஃபரன்ஸீஸ்'. அவர்கள் வெளியேறிய 1801இல் உஸ்மானிய அமைச்சருக்குப் படைக்கப்பட்டது 'மள்ஹருத் தக்தீஸ்'. பின்னர் எழுதிய பெருநூல் 'அஜாயிபுல் ஆஸார்'.

முதல் நூலில் அவர் நெப்போலியனின் அரபுப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு, சொல் சொல்லாக அதன் இலக்கணப் பிழைகளைக் காட்டுகிறார். நாங்கள் இஸ்லாத்தின் நண்பர்கள் என்று கூறும் வாசகத்தின் பொய்ம்மை அதன் வேற்றுமை உருபுகளிலேயே வெளிப்படுகிறது என்பது போன்ற திறனாய்வு அது. நஹ்வுப் பாடம் வறண்டது எனச் சலிக்கும் நம் மாணவர்கள் இப்பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். வாளேந்த இயலாத ஒருவர் இலக்கணத்தைக் கொண்டு நின்ற காட்சி அங்கே தெரியும்.

வாழ்க்கை நிலையை எழுதுவதிலும் அவருக்கு இணை குறைவு. தெருப்பகுதிகளின் வாயிற்கதவுகள் பெயர்த்தெடுக்கப்பட்டதை எழுதுகிறார். இரவில் விளக்கேற்ற இட்ட கட்டளை, கொள்ளைநோய்க்கு அஞ்சித் துணிகளைக் காயவைக்கச் சொன்ன ஆணை, வீடுகளுக்கும் கடைகளுக்கும் விதித்த புதுத் தீர்வைகள், பொருள்களின் விலையேற்றம் ஆகியவற்றைப் பொறுமையாகப் பதிகிறார். தெருக்கதவு என்பது கெய்ரோவாசிக்கு இரவின் பாதுகாப்பு. படைக்கு அது இடையூறு. ஆக்கிரமிப்பு என்னும் பெருஞ்சொல்லின் பொருள் ஒரு கதவில் அடங்கிவிடுகிறது. 1798 அக்டோபரில் எழுந்த கிளர்ச்சிக்குப் புதிய தீர்வைகளே உடனடிக் காரணம் என்பது அவர் நூலைக் கற்போருக்கு வியப்பளிக்காது. கிளர்ச்சி அடக்கப்பட்டபோது குதிரைகளோடு படையினர் அஸ்ஹர் பள்ளிக்குள் நுழைந்ததை அவர் துயரத்தோடு எழுதினார். எனினும் விளைவை எண்ணாது கூட்டத்தைக் கிளப்பியவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மூன்று நூல்களையும் ஒப்புநோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். உஸ்மானிய அமைச்சருக்கு எழுதிய நூலில் பிரெஞ்சுக்காரர்மீது கடுமை மிகுந்துள்ளது. பெருநூலில் அவர்களுடைய நூலகத்தையும் கல்வி ஆர்வத்தையும் வியக்கிறார். தளபதி கிளேபரை 1800 ஜூனில் கொன்ற ஸுலைமான் அல்ஹலபியை அவர்கள் விசாரணை நடத்தியே தண்டித்ததைச் சுட்டி, அவ்விசாரணை ஏடுகளையே படியெடுத்துச் சேர்க்கிறார். இதைக் கொண்டு சிலர் அவரை நிலையற்றவர் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. மெனூவின் காலத்தில் திவானில் உறுப்பினராக அமர்ந்தவர் அவர்; நாடு மீண்டபின் அதற்கு விளக்கம் கூறவேண்டிய நிலையில் இருந்தவர். எந்த நூல் யார் கண்முன் எழுதப்பட்டது என்பதை அறிந்தால் எந்த வரியை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும். ஜபர்த்தி போன்ற பேரறிஞரின் எழுத்தே ஆள்வோர் மாற மாறத் தொனி மாறியதென்றால், கணக்கர் முன்னிலையில் நின்ற பெயரற்ற உழவனின் சொல்லை நிலையான மக்கள் கருத்து என்று எப்படிக் கொள்வது?

மேலும் ஒன்று. அந்நியர் போனபின்னும் ஜபர்த்திக்கு விடுதலை கிட்டவில்லை. முஹம்மது அலியின் ஆட்சியை அவர் கண்டித்திருந்ததால் அவரது பெருநூல் 1870களின் இறுதிவரை எகிப்தில் அச்சேற இயலவில்லை. மக்கள் குரலுக்கு அஞ்சுவோர் அந்நிய ஆட்சியாளர் மட்டுமல்லர் என்பதையும் அவர் வரலாறு கற்பிக்கிறது.

நம் காலத்துக் கணிப்புகள்

பாக்தாத் 2003 ஏப்ரலில் வீழ்ந்தது. அவ்வாண்டு மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமித்துள்ள வல்லரசுகள் என்றே குறிப்பிட்டது. அன்று இராக்கியர் என்ன நினைக்கின்றனர் என்பதை விழுக்காட்டில் சொல்லும் கணிப்புகள் அடுத்தடுத்து வந்தன. தொடக்கத்தில் அவற்றிலிருந்து தமக்கு உகந்த எண்களை ஆட்சியாளர் பறைசாற்றினர். 2004 மே மாதம், அபூ குரைப் சிறையின் படங்களை உலகம் கண்டபின், ஆக்கிரமிப்பு நிருவாகமே நடத்திய கணிப்பொன்றில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் அப்படைகளை ஆக்கிரமிப்பாளர் என்றனர். அந்தக் கணிப்பு அறிவிக்கப்படவில்லை, கசிந்தே வெளிவந்தது. உகந்தது அறிக்கையாகவும் உகவாதது கசிவாகவும் வருவது ரீடு காலத்துக்குப் பின்னும் மாறாத வழக்கம்.

1967 முதல் ஆக்கிரமிப்பில் உள்ள ஃபலஸ்தீன நிலப்பகுதிகளில் ரமல்லாவிலுள்ள ஃபலஸ்தீன ஆய்வாளர்களே நெடுங்காலமாகக் கருத்துக்கணிப்பு நடத்திவருகின்றனர். கேட்பவர் தம் மக்களாக இருப்பதால் அவற்றின் ஸனது வலுவானது. ஆயினும் சோதனைச் சாவடிக்கும் குண்டுவீச்சுக்கும் இடையே வாழ்பவனிடம் வாங்கும் விடை, அன்றைய நாளின் விடையே. 2024 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் அவ்வாக்கிரமிப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று கருத்துரைத்தபோது, எந்த விழுக்காட்டையும் அடிப்படையாகக் கொள்ளவில்லை. அது நமக்குப் பாடம். ஆளப்படுவோர் முகம் சுளிக்கவில்லை என்பதால் ஆக்கிரமிப்பு நியாயமாகாது; சுளித்தனர் என்பதற்காக மட்டும் அநியாயமாவதும் அன்று. உரிமை வேறு, மனநிலை வேறு. முன்னதைச் சட்டம் கூறும். பின்னதை அறிய, விலையையும் வரியையும் பெயர்க்கப்பட்ட கதவையும் எழுதும் ஜபர்த்திகள் வேண்டும்.

நம்மீதும் ஒரு குற்றம்

இவ்வளவு கூறியபின் நம்மை நாமே கேட்க வேண்டியது ஒன்றுண்டு. திப்பு சுல்தானைப் போற்றி நம்மவர் எழுதிய நூல்கள் பல. ஆனால் அவருடைய ஆட்சியில் பாராமகால் உழவனும் நெசவாளியும் என்ன வரி கொடுத்தனர், அதை எப்படித் தாங்கினர் என ஆராய்ந்தவை அரிது. மன்றோவின் ஏடு ஒருதலையானது என்று சொல்லிவிட்டு, மறுதலையை எழுதாமல் விட்டுவிட்டோம். புகழ்ச்சி வரலாறாகாது. தம் சமுதாயத்தாரின் பிழைகளையும் எழுதியதால்தான் ஜபர்த்தியை இன்று பகைவரும் நம்புகின்றனர்.

செய்தி கொண்டுவருபவன் நம்பத்தகாதவன் எனில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. தள்ளிவிடுங்கள் என்று அது கூறவில்லை. தபய்யுன் என்பது உழைப்பைக் கோரும் கடமை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வட்டாரங்களின் பழைய பள்ளிவாசல்களில் வக்ஃபு ஏடுகளும் நிகாஹ் பதிவுகளும் கணக்குச் சுவடிகளும் எங்கெங்கு எஞ்சியுள்ளன என்பதற்கு ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். பள்ளிக்கு வெள்ளையடிக்கும்போது பழந்தாள்களைக் கட்டிக் கிணற்றில் இடும் வழக்கம் கண்ணியத்தின்பாற்பட்டதே. ஆனால் அத்தாள்களோடு ஒரு காலத்தின் விலைவாசியும் வரியும் முழுகிப்போகின்றன. அரபுக் கல்லூரிகளில் பாரசீகம் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.

சேர்வராயன் மலையின் மூத்தோர் நினைவில் தங்கியுள்ள கதைகளையும் கேட்டெழுத ஆள் வேண்டும். அவர்கள் நம் சமயத்தார் அல்லர் என்பது அதற்குத் தடையாகாது; சாட்சியத்தின் உரிமை சாட்சிக்கு உரியது. அடுத்த முறை ஏற்காட்டுக்குச் செல்லும் நம் மாணவர்கள், மன்றோ 1842இல் கண்டுபிடித்த மலை என்ற வரியைக் கண்டால் ஆண்டைத் திருத்துவதோடு நிறுத்த வேண்டாம். அங்கு எதிர்ப்படும் ஒரு முதியவரிடம், இம்மலை காப்பிக்கு முன் எப்படி இருந்ததென்று உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா என்று வினவட்டும். விடையை உள்ளவாறே எழுதிக்கொண்டு, சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்நாளில் கேட்டது என்பதையும் அதன் தலையில் குறித்துவைக்கட்டும்.